பெயர் தங்கிய படமாளிகை

நேயர்களே, வெள்ளவத்தையில் காலி வீதியால் போய் வந்தவர்களுக்கு ‘ரொக்ஸி’ என்ற பெயர் புதியதன்று. அங்கே அந்தப் பெயரில் ஒரு படமாளிகை இருந்தது. அதன் பெயரைத் தாங்கிய ஒழுங்கையொன்றும் உண்டு. சென்னையிலே புரசைவாக்கத்தில் ஒரு ரொக்ஸி இருந்தது. அது இப்போது இல்லை. கல்கத்தாவில் இருந்த ரொக்ஸியிலோ 1943ஆம் ஆண்டின் ‘கிஸ்மத்’ என்ற ஹிந்திப் படம் மூன்று ஆண்டுகளுக்கு மேல் இடைவிடாது ஓடிப் பெரும் புகழ் பெற்றது. எகிப்திலே கெய்ரோ மாநகரின் ஹீலியோபொலிஸ் பகுதியில் ஒரு சதுக்கமே ரொக்ஸி எனப்படுகிறது. அங்கிருந்த படமாளிகையால் வந்த பெயர் அது. அவுஸ்திரேலியாவில் பரமட்டா என்னும் ஊரிலும் 1930இல் ஒரு ரொக்ஸி எழுந்தது.

சொல்லின் வேரைத் தேடுவது தமிழாசிரியர்களின் பழக்கம். இந்தச் சொல் எந்த மொழிக்குரியது, அதன் பொருள் என்ன என்று அகராதிகளைப் புரட்டினால் பயன் கிட்டாது. ஏனெனில் இது சொல்லே அன்று. ஒரு மனிதரின் செல்லப்பெயர். அந்த மனிதர் தமது செல்லப்பெயரைச் சூட்டி நியூயோர்க் நகரின் நடுவே ஒரு படமாளிகையைக் கட்டினார். உலகெங்கும் உள்ள ரொக்ஸிகளுக்கெல்லாம் அதுவே தாய். பிள்ளைகள் சில இன்னும் வாழ, தாய் 1960ஆம் ஆண்டிலேயே இடித்து அள்ளப்பட்டுவிட்டது. முப்பத்து மூன்று ஆண்டுகளே அது வாழ்ந்தது. ஒரு மனிதருக்கே அது குறைந்த ஆயுள். கருங்கல்லும் இரும்பும் கொண்டு எழுப்பிய மாளிகைக்கு அது எம்மாத்திரம்! அவ்வளவு விரைவில் அதனை இல்லாமற் செய்தது எது என்பதே நாம் இங்கு ஆராய எடுத்துக்கொண்ட விடயம்.

சாமுவேல் ரொதாபெல் 1882ஆம் ஆண்டு பிறந்தவர். தந்தையார் ஜெர்மனியிலிருந்து அமெரிக்கா சென்ற சப்பாத்துத் தொழிலாளி. குடும்பப் பெயர் ஜெர்மன் மொழியிலே ‘செவ்வாப்பிள்’ என்று பொருள்படுவது. அதன் நடுவே நின்ற பகர ஒலியை மகன் பிற்காலத்தில் உதிர்த்துவிட்டார். எமது மாணவர்களிடம் கேட்டால் ‘தொகுத்தல் விகாரம்’ என்று சொல்லித் தப்பிவிடுவார்கள்! இளமையில் அமெரிக்கக் கடற்படைத் துருப்பிலே சேவை செய்த ரொதாபெல், பின்னர் பென்சில்வேனியா மாநிலத்தில் ‘பொரஸ்ட் சிற்றி’ என்னும் நிலக்கரிச் சுரங்க ஊருக்கு வந்து சேர்ந்தார். அங்கே ஒரு மதுச்சாலை. அந்த மதுச்சாலைக்காரரின் மகளையே அவர் மணமுடித்தார். 1908ஆம் ஆண்டளவில் அந்தச் சாலையின் பின்பக்கத்து மண்டபத்திலே ஒரு வெள்ளைத் திரையைக் கட்டிச் சலனப்படம் காட்டத் தொடங்கினார். இருக்கைகளைப் பிரேதப்பெட்டி விற்பவரிடம் இரவலாக வாங்கினார் என்றும், ஊரில் யாரும் இறந்தால் அன்று படம் பார்ப்பவர்கள் நின்றுகொண்டே பார்க்க வேண்டியதுதான் என்றும் ஒரு கதை சொல்வார்கள். கதை சற்றே மெருகேறியதாகவும் இருக்கலாம். ஆயினும் சலனப்படம் அன்று இருந்த நிலையை அது நன்றாகக் காட்டுகிறது. படம் பார்ப்பது அக்காலத்தில் கௌரவமான காரியமாகக் கருதப்படவில்லை. இருட்டறை, மரவாங்கு, பாட்டாளிக் கூட்டம் என்பவையே அதன் அடையாளங்கள்.

ரொதாபெல்லின் முழு வாழ்க்கையும் அந்த இழிவைத் துடைக்கும் முயற்சியே எனலாம். 1913இல் நியூயோர்க்கின் ஹார்லெம் பகுதியிலிருந்த ரீஜன்ட் அரங்கை அவரிடம் ஒப்படைத்தார்கள். அவர் செய்த மாற்றம் யாதெனில், படத்தை விட்டுவிட்டுப் பார்ப்பவனைக் கவனித்ததுதான். அவனுக்கு நல்ல இருக்கை, நல்ல இசை, நல்ல வெளிச்சம். வாசலில் வணக்கம் சொல்லி அழைத்துச் செல்ல ஒரு பணியாள். காட்சிக்கேற்ற இசையைத் தெரிந்தெடுத்து வாத்தியக்குழுவை வாசிக்கச் செய்தார். அங்கிருந்து பிறோட்வே வீதிக்கு வந்து, 1914இல் ஸ்ட்ராண்ட், 1916இல் றியால்டோ, 1917இல் றிவோலி, 1920இல் கப்பிற்றல் என ஒன்றன்பின் ஒன்றாகப் பெரும் படமாளிகைகள் அவர் கைக்கு வந்தன.

கப்பிற்றல் அரங்கிலே நடந்த ஒரு காரியம் வானொலி நேயர்களாகிய உங்களுக்குச் சிறப்பாகச் சொல்லத் தக்கது. 1922ஆம் ஆண்டு. வானொலி அப்போது பிறந்த குழந்தை. வீட்டிலிருந்தே இலவசமாகப் பாட்டுக் கேட்க முடியுமானால் அரங்குக்கு யார் வரப்போகிறார்கள் என்று அரங்க முதலாளிகள் பலர் அஞ்சினார்கள். ரொதாபெல் அஞ்சவில்லை. நவம்பர் மாதத்தில் தமது அரங்கின் இசையை ஒலிவாங்கி வழியே வானலைக்கு அனுப்பினார். பின்னர் தாமே ஒலிவாங்கியின் முன் நின்று பேசலானார். மேடையில் நடப்பதைக் கண்ணாற் காண முடியாதவர்களுக்குச் சொல்லாற் காட்டினார். பாடகர்களையும் வாத்தியக்காரர்களையும் வீட்டுப் பிள்ளைகளைப் போலப் பெயர் சொல்லி அறிமுகம் செய்தார். முடிவில் இரவு வணக்கம் கூறி, இனிய கனவுகள் வருக என்றும் இறையருள் கிட்டுக என்றும் வாழ்த்தி விடைபெறுவார். ‘ரொக்ஸியும் அவர் கூட்டாளிகளும்’ என்ற அந்த நிகழ்ச்சிக்காக இலட்சக்கணக்கான வீடுகள் காத்திருந்தன. வைத்தியசாலைகளிலே கிடந்த முன்னாட் போர்வீரர்களுக்கு வானொலிப் பெட்டிகள் வாங்க அவர் நிதி கேட்டபோது மக்கள் தாராளமாக அனுப்பினார்கள்.

இடையிலே நிலையத்தாருக்கு அவருடைய பேச்சு கண்ணியக் குறைவாகப் பட்டது. செல்லப்பெயரை விட்டு முறையாகப் பேசும்படி பணித்தார்கள். அவரும் அப்படியே பேசினார். கேட்டவர்கள் சினந்து எழுதிய கடிதங்கள் வந்து குவிந்தன. பழைய ரொக்ஸியே திரும்பி வந்தார். ஒலிவாங்கியின் முன் அமர்ந்து பேச முற்படும் எம்மைப் போன்றவர்கள் இந்தச் சம்பவத்தை நினைவில் வைத்திருப்பது நல்லது.

ஆக, ரொக்ஸி படமாளிகைக்குக் கல் நாட்டும் முன்னரே அந்தப் பெயர் அமெரிக்கா முழுவதும் தெரிந்திருந்தது. சுவரும் கூரையும் பின்னாலே வந்தவை. ஹேர்பர்ட் லூபின் என்ற படத் தயாரிப்பாளர் இதனைக் கண்டுகொண்டார். உலகிலே அதுவரை இல்லாத பெரும் படமாளிகையைக் கட்டுவோம், உமது பெயரையே அதற்கு வைப்போம் என்று ரொதாபெல்லை அழைத்தார். ஏழாம் அவெனியூவும் 50ஆம் வீதியும் சந்திக்கும் இடத்தில், டைம்ஸ் சதுக்கத்துக்குச் சற்று வடக்கே, நிலம் தெரிவாயிற்று. வரைபடம் சிக்காகோவைச் சேர்ந்த வோல்டர் அல்ஷ்லாகருடையது.

நிலமோ கோணலானது. சந்தி முனையில் ஒரு ஹோட்டலும் எழுவதாக இருந்தது. அல்ஷ்லாகர் செய்த தந்திரம் என்னவென்றால், அரங்கை நிலத்தின் குறுக்கே மூலைவாட்டாகப் படுக்க வைத்ததுதான். மேடை ஒரு மூலைக்குப் போயிற்று. இதனால் இருக்கைகளுக்குக் கிடைத்த இடம் பெருகியது: 5920 பேர் ஒரே நேரத்தில் அமரலாம். விளம்பரங்களில் 6000க்கு மேல் என்று எழுதினார்கள். விளம்பரம் என்றால் அப்படித்தானே! ஆனால் மூலைக்குத் தள்ளப்பட்ட மேடைக்கு அகலம் இருந்த அளவுக்கு ஆழம் கிடைக்கவில்லை. பக்கங்களிலே காட்சிச் சாமான்களை ஒதுக்கி வைக்கவும் இடம் போதவில்லை.

சிலப்பதிகாரத்து அரங்கேற்று காதையிலே இளங்கோவடிகள் அரங்கின் அளவுகளைச் சொல்லுமிடம் நேயர்களுக்கு நினைவு வரலாம். அகலம் 7 கோல், நீளம் 8 கோல், உயரம் ஒரு கோல். எழினிகள் எத்தனை, தூண்களின் நிழல் விழாதபடி விளக்கு எங்கே என்பனவெல்லாம் அங்கே உண்டு. ஆடுபவளுக்கு வேண்டியவற்றை முதலில் அளந்து முடித்த நூல் அது. ரொக்ஸியில் அளவு கோலைக் கையில் வைத்திருந்தது இருக்கைக் கணக்கு. ஆடுபவர்களுக்கு மிஞ்சிய இடமே மேடையாயிற்று. கலைக்கென எழுந்த கட்டடத்திற் பணத்தின் கை முதன்முதலாகத் தெரிந்த இடம் இதுவே என்பது என் கருத்து.

இதைச் சொன்னதனால் ஏனைய சிறப்புகளை மறைத்துவிடக் கூடாது. வாசலிலிருந்து ஹோட்டலின் கீழாக நீண்டதொரு கூடம். அதைக் கடந்தால் தூண்கள் சூழ்ந்த வட்ட மண்டபம். அங்கே விரித்திருந்த நீள்வட்டக் கம்பளத்தை உலகிலேயே பெரியது என்று சொல்லிக்கொண்டார்கள். அந்த மண்டபத்துக்கென்றே தனியாக ஒரு குழலிசைப் பேழை, அதாவது ஓர்கன், வைக்கப்பட்டிருந்தது. உள்ளே ஸ்பானிய மாளிகையின் பாணியிற் பொன் முலாம் பூசிய சிற்ப வேலைகள். 110 வாத்தியக்காரர்கள் அமரும் மேடை நிலத்தடியிலிருந்து மெல்ல எழுந்து வரும். உள்ளரங்கின் ஓர்கனையோ மூவர் மூன்று இடங்களில் அமர்ந்து ஒரே நேரத்தில் வாசிக்கலாம். படம் எறியும் அறையைக் கூரைக்கடியில் வைக்காமல் பல்கனியின் முகப்பிலே பொருத்தினார்கள். இதனாற் படம் சரிவாக விழாமல் நேராக விழுந்தது. கோணாத, துலக்கமான படம் கிடைத்தது.

ஊழியர்களுக்கு உணவுச்சாலை, நூலகம், தேகப்பயிற்சி அறை, பில்லியர்ட்ஸ் அறை, இளைப்பாறிச் சற்றுத் தூங்க ஓர் அறை என்பனவும் இருந்தன. மேடையில் தோன்றும் விலங்குகளுக்குக்கூட இடம் ஒதுக்கியிருந்தார்கள். மயக்கம் போட்டவரைக் கவனிக்க வைத்திய வசதி இருந்தது. வழிகாட்டும் இளைஞர்களுக்கு வெள்ளைக் கையுறையும் சீருடையும். ஓய்வுபெற்ற கடற்படைத் துருப்பு அதிகாரி ஒருவர் அவர்களுக்கு அணிநடைப் பயிற்சி கொடுத்தார். அவர்களுடைய சீருடையின் மிடுக்கு பழமொழி போலாகி, கோல் போர்ட்டர் 1934இல் இயற்றிய புகழ்பெற்ற பாடலொன்றில் இடம்பெற்றது. இத்தனையும் யாருக்காக? பிரபுவுக்காக அன்று, சீட்டு வாங்கி நுழையும் தட்டெழுத்துப் பெண்ணுக்கும் கடைச் சிப்பந்திக்குமாக. நுழைந்தவர்கள் இரண்டு மூன்று மணி நேரம் அரச விருந்தாளிகள். ‘சலனப்படத்தின் தேவாலயம்’ என்று ரொக்ஸியை விளம்பரம் செய்தார்கள். ‘நியூயோர்க்கர்’ சஞ்சிகையில் ஹெலன் ஹோக்கின்சன் வரைந்த கேலிச் சித்திரமொன்றில், மண்டபத்தைக் கண்டு மலைத்த ஒரு சிறுமி, கடவுள் குடியிருப்பது இங்கேதானோ என்று தாயைக் கேட்கிறாள். கேலிதான். ஆயினும் அந்தச் சிறுமியின் வியப்பு பொய்யன்று.

1927 மார்ச் 11ஆந் திகதி கதவு திறந்தது. குளோரியா சுவான்சன் தயாரித்து நடித்த ‘த லவ் ஒவ் சுன்யா’ முதற் படம். நட்சத்திரம் தாமே நேரில் வந்திருந்தார். ஆனால் அன்று வாசலில் நின்று கைதட்டியவர்களுக்கு ஒரு விடயம் அவ்வளவாகப் புலப்பட்டிராது. செலவு ஒரு கோடி 20 இலட்சம் டொலரை எட்டியிருந்தது. போட்ட திட்டத்தை 25 இலட்சம் டொலரால் மீறிவிட்ட லூபின், வங்குரோத்தின் விளிம்பில் நின்றார். திறப்பு விழாவுக்கு ஒரு வாரத்துக்கு முன்னர் தமது பங்கை 50 இலட்சம் டொலருக்கு வில்லியம் பொக்ஸ் என்ற பட முதலாளியிடம் விற்றுவிட்டார். பிறந்த நாளிலேயே கடனோடு பிறந்த குழந்தை அது. ரொக்ஸி என்ற பெயரில் நியூயோர்க்கிலே இன்னும் பல அரங்குகள் கட்டும் எண்ணமும் அத்தோடு சரி. பாதியில் நின்ற ஓர் அரங்கு வேறு கைக்கு மாறி, 1929இல் பீக்கன் என்ற பெயரில் திறக்கப்பட்டது. அதனைப் பின்னாற் பார்ப்போம்.

ரொக்ஸியின் பொற்காலம் குறுகியது. அதில் ஓர் இரவை மட்டும் சொல்லி அப்பாற் செல்கிறேன். 1927 மே 20ஆந் திகதி காலையில் சார்ள்ஸ் லின்ட்பேர்க் என்னும் 25 வயது இளைஞர் நியூயோர்க்குக்கு அருகிலிருந்து தனியராக விமானமேறி, அத்திலாந்திக் சமுத்திரத்தைத் தாண்டிப் பாரிஸை நோக்கிப் பறந்தார். அவர் கிளம்பிய காட்சியைப் பொக்ஸ் நிறுவனத்தார் ஒலியோடு படமாக்கினார்கள். அன்றிரவே அது ரொக்ஸியிலே திரையிடப்பட்டது. திரையில் விமானத்தின் இயந்திரம் உறுமுகிறது. ஈர நிலத்தில் அது தடுமாறி ஓடி எழும்புகிறது. ஏறத்தாழ ஆறாயிரம் பேர் எழுந்து ஆரவாரிக்கிறார்கள். அந்த நேரத்திலே அவ்விளைஞர் இருண்ட கடலுக்கு மேலே இருக்கிறார். பிழைப்பாரா மாட்டாரா என்பது எவருக்கும் தெரியாது. அவர் பாரிஸில் இறங்கியது மறுநாள் இரவு. பேசும் படத்தின் தொடக்கமென எல்லோரும் குறிப்பிடும் ‘த ஜாஸ் சிங்கர்’ வெளியானது அவ்வாண்டு ஒக்டோபரில். அதற்கு ஐந்து மாதங்களுக்கு முன்னரே, நடந்துகொண்டிருந்த வரலாற்றின் ஒலியை ஒரு கூட்டம் ஒன்றாக இருந்து கேட்டது. அந்த ஆறாயிரம் பேரில் ஒருவராக இருக்கக் கிடைத்திருந்தால் எப்படி இருந்திருக்கும் என்று நான் பலமுறை எண்ணியதுண்டு.

இனி வீழ்ச்சிக்கு வருவோம். ரொக்ஸி போன்ற மாளிகைகளைத் தொலைக்காட்சி கொன்றது என்பது பொதுவாகச் சொல்லப்படுகிற காரணம். சொல்லுவதற்கு இலகுவானது, கேட்பவரும் தலையாட்டுவார். ஆனால் தொலைக்காட்சி அமெரிக்க வீடுகளுக்குப் பரவலாக நுழைவதற்குப் பதினைந்து ஆண்டுகளுக்கு முன்பே, 1932இல், ரொக்ஸி நீதிமன்றம் நியமித்த பொறுப்பாளரின் கைக்குப் போய்விட்டது. சிறிய கணக்கொன்று போட்டுப் பாருங்கள். நாளுக்கு 4 காட்சி என்று வைத்துக்கொண்டால், 5920 இருக்கைகளை நிரப்ப ஒரு நாளுக்கு 23,680 பேர் வேண்டும். ஒரு வாரத்துக்கு 1,65,760 பேர். ஒரு நகரத்து மக்கள் தொகை அது! இத்தனை பேர் வாரந்தோறும் வந்தாலன்றி 110 வாத்தியக்காரர்களுக்கும் ஆடற்குழுவுக்கும் கையுறை அணிந்த இளைஞர்களுக்கும் சம்பளம் கொடுத்து, கடனுக்கு வட்டியும் கட்ட இயலாது. 1929இல் பங்குச்சந்தை சரிந்து வேலையில்லாத் திண்டாட்டம் வந்தபோது அந்தக் கணக்கு பிசகிற்று. வில்லியம் பொக்ஸும் 1930இல் தமது நிறுவனத்தை இழந்தார். அவர் 1936இல் வங்குரோத்தாகி, அந்த வழக்கிலே நீதிபதிக்குக் கைலஞ்சம் கொடுத்த குற்றத்துக்காகச் சிறையும் சென்றார்.

இரண்டாவது அடி வெளியிலிருந்து வந்ததன்று. அதைக் கொடுத்தவர் ரொதாபெல் தாமே. ரொக்ஸிக்கு நடந்து போகும் தூரத்திலே ரொக்கிபெல்லர் குடும்பத்தார் ஒரு பெரும் கட்டடத் தொகுதியை எழுப்பிக்கொண்டிருந்தார்கள். அதிலே இன்னும் பெரிய அரங்கொன்றை அமைக்க அவரை அழைத்தார்கள். அவர் போனார். தனியாகப் போகவில்லை, இசை நெறியாளர் ஏர்னோ ராப்பேயும் ரஸ்ஸல் மார்க்கேர்ட்டின் ‘ரொக்ஸியெட்ஸ்’ ஆடற் பெண்களும் கூடவே போனார்கள். இன்று ‘ரொக்கெட்ஸ்’ என்ற பெயரில் உலகப் புகழ் பெற்றிருப்பவர்கள் அவர்கள்தாம். 1932 டிசம்பர் 27ஆந் திகதி ‘றேடியோ சிற்றி மியூசிக் ஹோல்’ திறக்கப்பட்டது. தொடக்க நிகழ்ச்சி நள்ளிரவையும் தாண்டி நீண்டு பார்த்தவர்களைக் களைப்படையச் செய்தது. ரொதாபெல்லோ வைத்தியசாலையிற் சேர்க்கப்பட்டார். ஏறத்தாழ இரண்டு வாரத்தில் மேடை நிகழ்ச்சியை மட்டும் காட்டும் திட்டம் கைவிடப்பட்டு, படமும் மேடை நிகழ்ச்சியும் சேர்ந்த பழைய முறை புகுத்தப்பட்டது. அதாவது, ரொக்ஸியில் அவர் வகுத்த முறையே ரொக்ஸிக்கு எதிராகத் திரும்பிற்று.

அதே தொகுதியில் எழுந்த இரண்டாவது அரங்குக்கு ‘ஆர்.கே.ஓ. ரொக்ஸி’ எனப் பெயரிட்டிருந்தார்கள். பழைய ரொக்ஸியின் பொறுப்பாளர்கள் வழக்குத் தொடுத்தார்கள். பெயர் கட்டடத்துக்கே உரியது என்று தீர்ந்தது. புதிய அரங்கு சென்ரர் தியேட்டர் என்று பெயர் மாறியது. பெற்றோர் இட்ட பெயரில் ஓர் எழுத்தைத் தாமே உதிர்த்தவரின் செல்லப்பெயரை நீதிமன்றம் எடுத்து ஒரு கட்டடத்துக்குக் கொடுத்துவிட்டது! ரொதாபெல் 1936 ஜனவரி 13ஆந் திகதி, 53 வயதில், உறக்கத்திலேயே காலமானார்.

அவரில்லாமலும் ரொக்ஸி கால் நூற்றாண்டு நடந்தது. போர்க்காலத்தில் கூட்டம் மீண்டும் வந்தது. மேடையை உறைபனித் தளமாக்கிச் சறுக்கு நடனம் காட்டினார்கள். 1950இல் நியூயோர்க் பில்ஹார்மோனிக் வாத்தியக்குழு, மிட்ரோபூலஸின் தலைமையில், ‘த பிளாக் றோஸ்’ படத்தோடு சேர்ந்து நாளுக்கு நான்கு தடவை அங்கு வாசித்தது. கச்சேரி மண்டபத்தின் படியை ஒருநாளும் மிதித்திராத எத்தனையோ பேர் அன்று மேனாட்டுச் செவ்விசையை முதன்முதலாக நேரிற் கேட்டிருப்பார்கள். ரொதாபெல் உயிரோடிருந்து பார்த்திருக்க வேண்டிய காட்சி.

இதனிடையே 1948ஆம் ஆண்டில் அமெரிக்க உயர் நீதிமன்றம் அளித்த தீர்ப்பொன்றின்படி, படம் தயாரிக்கும் கம்பனிகள் அரங்குகளையும் தாமே வைத்திருப்பது தடுக்கப்பட்டது. பொக்ஸ் கம்பனியின் நிழல் ரொக்ஸியை விட்டு நீங்கிற்று. தொலைக்காட்சி தன் பங்கைச் செய்தது என்பதையும் மறுக்கவில்லை. அதற்குப் பதிலாகத் திரையை அகலமாக்கினார்கள். 1953 செப்டெம்பர் 16ஆந் திகதி முதலாவது சினிமாஸ்கோப் படமான ‘த றோப்’ ரொக்ஸியிலேதான் அரங்கேறியது. 1958இல் ‘வின்ட்ஜம்மர்’ என்ற படத்துக்காக இன்னும் பெரிய வளைந்த திரை போட வேண்டி வந்தது. அதற்காக உள்ளே பலவற்றை மறைத்தும் மாற்றியும், இருக்கைகளின் தொகையை வெகுவாகக் குறைத்தும் விட்டார்கள். பொன் வேலைப்பாடுகள் திரைச்சீலைகளுக்குப் பின்னே ஒளிந்தன. மாளிகை இடிபடும் முன்னரே அதன் முகம் மறைந்துவிட்டது.

கடைசி அடி நிலத்திலிருந்து வந்தது. சரியாகச் சொன்னால் ஆகாயத்திலிருந்து. நியூயோர்க் நகரத்துச் சட்டப்படி ஒரு நிலத்தில் எவ்வளவு உயரம், எவ்வளவு பருமன் கட்டலாம் என்பதற்குக் கணக்கு உண்டு. தாழ்வான கட்டடத்துக்காரர் தாம் பயன்படுத்தாத உயரத்தை அயலவருக்கு விற்கலாம். ‘வான் உரிமை’ என்று அதற்குப் பெயர். அதே வட்டாரத்திலே ஆறாம் அவெனியூப் பக்கமாக 48 மாடிகளோடு டைம்-லைஃப் கட்டடம் 1959இல் எழுந்தபோது, ரொக்ஸியின் தலைக்கு மேலிருந்த வெற்று வெளியை ரொக்கிபெல்லர் நிலையத்தார் அதற்காக வாங்கியிருந்தார்கள். மனிதர் அமர்ந்த இடத்தைவிட, மனிதர் எவரும் இல்லாத மேல்வெளிக்கு விலை கூடிவிட்டது. அதன்பின் கீழேயிருந்த அரங்கு அலுவலகக் கட்டடத்துக்கு வழிவிட்டாக வேண்டிய ஒரு பொருள் மட்டுமே. தொலைக்காட்சிப் பெட்டி ஒன்றேனும் கண்டுபிடிக்கப்படாதிருந்தாலும் இது நடந்தே இருக்கும் என்பேன்.

1960 மார்ச் 29ஆந் திகதி இறுதிக் காட்சி. படம் ‘த விண்ட் கனொட் றீட்’ என்ற பிரித்தானியப் படம். கதை நிகழ்வது போர்க்கால இந்தியாவிலும் பர்மாவிலும். டில்லித் தெருக்களையும் ஆக்ராவையும் காட்டிவிட்டு ரொக்ஸியின் திரை ஓய்ந்தது. அந்த ஆண்டுக் கோடையில் இடிப்புத் தொடங்கிற்று.

தடுக்க யாரும் வரவில்லையா என்று நேயர்கள் கேட்கலாம். தடுக்கச் சட்டம் இல்லை. பென்சில்வேனியா ரயில் நிலையம் என்ற பெருங்கட்டடத்தை 1963 முதல் இடித்தபோதுதான் நியூயோர்க் மக்கள் விழித்துக்கொண்டார்கள். 1965இல் மரபுச் சின்னங்களைக் காக்கும் சட்டம் வந்தது. அந்தச் சட்டத்தின் பயனை அனுபவித்தவர்கள் ரொக்ஸியின் உறவினர்கள். 1978இல் மியூசிக் ஹோலை மூடும் பேச்சு எழுந்தபோது, அதன் உள்ளரங்கு மரபுச் சின்னமாகப் பிரகடனம் செய்யப்பட்டுத் தப்பியது. ரொக்ஸியின் தம்பியாக எழுந்து பெயர் மாறிய பீக்கன் அரங்கின் உட்புறமும் 1979இல் அவ்வாறே காப்புப் பெற்றது. அதுவும் அல்ஷ்லாகரின் கைவண்ணமே. இன்றும் அங்கே கச்சேரிகள் நடக்கின்றன. ‘ஆர்.கே.ஓ. ரொக்ஸி’யாகப் பிறந்த சென்ரர் தியேட்டரோ ரொக்ஸிக்கும் முன்னரே, 1954இல், இடிபட்டுவிட்டது.

இடிப்பு நடந்துகொண்டிருந்த 1960 ஒக்டோபரில் ‘லைஃப்’ சஞ்சிகையின் படப்பிடிப்பாளர் எலியட் எலிசோபன் ஓர் அம்மையாரை அங்கே அழைத்து வந்தார். அவர் குளோரியா சுவான்சன். முப்பத்து மூன்று ஆண்டுகளுக்கு முன் திறப்பு விழா நாயகியாக வந்தவர், விழாவுக்குரிய உடையும் நகைகளும் அணிந்து, கல்லும் மண்ணும் கம்பியும் குவிந்த இடத்தில் இரு கைகளையும் விரித்து நிற்கிறார். பின்னால் பாதி உடைந்த வளைவுகளூடே வெளிச்சம் விழுகிறது. அந்தப் படத்தைப் பார்த்தவர்கள் மறப்பதில்லை. 1971இல் பிறோட்வேயில் மேடையேறிய ஸ்டீபன் சொண்டைமின் ‘பொலீஸ்’ என்னும் இசை நாடகம், இடிபடவிருக்கும் அரங்கிலே பழைய ஆட்டக்காரிகள் கூடும் கதை. அதற்குத் தூண்டுகோலாக இருந்தவற்றில் இந்தப் புகைப்படமும் ஒன்று.

அரங்கு நின்ற இடத்தில் அலுவலகக் கட்டடம் எழுந்தது. ஆனால் மூலைவாட்டாக வரைந்த அந்தப் பழைய திட்டத்தால் ஒரு விசித்திரம் நேர்ந்திருக்கிறது. ரொக்ஸியின் வாசல் ரொக்ஸிக்குச் சொந்தமான கட்டடத்தில் இருக்கவில்லை; சந்தி முனையிலிருந்த ஹோட்டலின் கீழே இருந்தது என்று முன்னர் கூறினேன் அல்லவா? மேஞ்சர் என்றும் பின்னர் டாஃப்ட் என்றும் பெயர் பெற்ற அந்த ஹோட்டற் கட்டடத்தை யாரும் இடிக்கவில்லை. ஏழாம் அவெனியூவும் 50ஆம் வீதியும் சந்திக்கும் மூலையில் அது இன்னும் நிற்கிறது.